பின்கண்ணாடி வெயில்

எங்க ஊர்ல பொண்ணு குடுக்கும்போது மாப்பிள்ளை என்ன படிச்சிருக்காரு, நிலம் நீச்சு உண்டான்னு கேக்கிறதுக்கு முந்தி "வேலை வெயில்லயா, நிழல்லயா?"ன்னுதான் கேப்பாங்க. ஏன்னா சிவந்திபொட்டல்ல வீட்டுக்கு ஒரு ஆம்பளை சவுதியிலயோ துபாயிலயோ கத்தார்லயோ கிடக்கான், அவன் அங்கே கம்பி கட்டுதானா ஏசிக்குள்ள உக்காந்திருக்கானாங்கிறதுதான் இங்கே அவன் குடும்பத்துக்கு மரியாதை, கல்யாண வீட்டுல முதல் பந்தியா மூணாம் பந்தியாங்கிற வரைக்கும் அதுதான் முடிவு பண்ணும். நிழல்னு சொல்லிக்கிட்டு வெயில்ல வெந்தவன் எத்தனை பேருங்கிறது அந்த ஆண்டவனுக்கு மட்டும்தான் வெளிச்சமா இருந்துச்சு, மாசானமுத்து தன்னோட பழைய இண்டிகா டாக்சியில டச் ஸ்கிரீன் மாட்டுத வரைக்கும்.

நான் சவுதியிலேர்ந்து திரும்பி வந்து, மாசானத்தோட டாக்சி ஸ்டாண்டுலயே வேன் ஓட்டுதவன். எனக்கு வாய் நீளம்னு என் வீட்டுக்காரி செண்பகம் சொல்லுவா, அது உண்மைதான், பொறுத்துக்கிடுங்க. மாசானம் எனக்கு நேர் எதிர், நாற்பத்தஞ்சு வயசாச்சு, கல்யாணம் காட்சி இல்ல, ஒரு நாளைக்கு பத்து வார்த்தை பேசினா அன்னிக்கு அவனுக்குக் காய்ச்சல்னு அர்த்தம். வண்டில ஏறுதவன் எல்லாம் "மேப் இல்லையாண்ணே, பாட்டு இல்லையாண்ணே"ன்னு உசுரை எடுத்ததுல திருநெல்வேலிக்குப் போய் அந்த ஸ்கிரீனை மாட்டிக்கிட்டு வந்தான். "ஏல, தென்காசிக்கும் சங்கரன்கோவிலுக்கும் போக உனக்கு எதுக்குல மேப்பு, கண்ணைக் கட்டி விட்டாலும் போய்ச் சேருவியே"ன்னு நாங்க கேலி பண்ணினோம். அவன் சிரிச்சான், அவ்வளவுதான்.

சாயங்காலம் தென்காசியிலிருந்து கிழக்கே பாத்து வரும்போதுதான் அந்த ஸ்கிரீனோட லட்சணம் தெரிஞ்சுது. மலைப் பக்கம் சாயுத வெயில் பின்கண்ணாடி வழியா நேரா உள்ள வந்து ஸ்கிரீன் மேல அடிக்கும், மேப்பும் தெரியாது மண்ணும் தெரியாது, வெள்ளையா ஒரு பளபளப்பு மட்டும் கண்ணைக் குத்தும். ரிவர்ஸ் எடுத்தா பின்கேமராவுல கோழி நிக்கா குழந்தை நிக்கான்னு தெரியாது. மாசானம் நாலு நாள் பாத்தான், அஞ்சாம் நாள் தோள்ல கிடந்த துண்டை எடுத்து அதுக்கு முக்காடு போட்டுட்டான்.

பங்குனி மாசம் ஒரு நாள் செய்யதலி பாத்திமா தென்காசியில கடவாப்பல்லைப் பிடுங்கிட்டு, வாய்க்குள்ள பஞ்சை வச்சுக்கிட்டு, முன் சீட்டுல உக்காந்து வந்துகிட்டிருந்தாக. ஆய்க்குடி தாண்டி ஒரு பள்ளத்துல வண்டி குதிச்சதுல துண்டு நழுவி விழுந்துச்சு. பாத்திமாக்கா ஸ்கிரீனைப் பாத்தாக, பஞ்சைத் துப்பினாக, "எப்பா மாசானம், இங்க பாரேன், எம் மவன்லா கம்பி கட்டிக்கிட்டு நிக்கான், நீலச் சட்டை, பேன்ட்டு முட்டிக்குக் கீழே கிழிஞ்சிருக்கு"ன்னாக. மாசானம் எட்டிப் பாத்தான், அவனுக்கு வெள்ளையா கூசினதுதான் மிச்சம். "துண்டைப் போட்டுரட்டுமாக்கா?"ன்னான். "போட்டேன்னா கையை ஒடிச்சிருவேன்"னாக அக்கா. அன்னிக்கு மகன் போன் பண்ணினப்போ "ஏம்ப்பா, முட்டிக்குக் கீழே கிழிஞ்சிருக்கே, ரெண்டு தையல் போடக் கூடாதா?"ன்னு கேட்டாக. கடைல கணக்கெழுதுதேன்னு அஞ்சு வருஷமா சொல்லிக்கிட்டிருந்த பய, "தைச்சுக்கிடுதேன்மா"ன்னான்.

பத்து நாள்ல ஊருக்கு விவரம் பிடிபட்டுப் போச்சு. முன் சீட்டுல உக்காந்து, பின்கண்ணாடி வழியா வெயில் அந்த ஸ்கிரீன்ல விழும்போது பாத்தா, யாரை நினைச்சு மனசு கிடந்து தவிக்கோ அவுங்க தெரிவாங்க, அதுவும் அந்த நிமிஷத்துல அவுங்க அங்கே வெயில்ல நின்னா மட்டும்தான் தெரிவாங்க. கூரைக்குக் கீழேயோ மரத்தடியிலயோ ஏசிக்குள்ளயோ இருந்தா வெறும் பளபளப்புதான், கண்ணுல தண்ணி வரும். ஒரே சூரியன்தான, இங்கே சாயும்போது அங்கே உச்சி தாண்டி நிக்கும், இதுல என்ன ஆச்சரியம்னு பொம்பளைங்க சொன்னாங்க. அறிவியல் வாத்தியார் ஒருத்தர் இதை விளக்கிப்புடுதேன்னு வந்து முன் சீட்டுல உக்காந்தாரு, அஞ்சு நிமிஷம் கழிச்சு மூக்கைச் சிந்திக்கிட்டே இறங்கிப் போனாரு, விளக்கலை.

வீடியோ கால் இருக்கே, அப்புறம் எதுக்கு இதுன்னு கேப்பீங்க. வீடியோ கால்ல காட்டுதது காட்டுதவன் இஷ்டம். சுவர்ல ஒரு காலண்டர் தெரியுத மாதிரி நின்னுக்கிட்டு நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொல்லுவான், நானும் அப்படிச் சொன்னவன்தான். வெயிலுக்கு அந்த நாகரிகம் எல்லாம் தெரியாது, அது பட்ட இடத்தை எல்லாம் காட்டிரும்.

அதனால ஸ்டாண்டோட மேற்கு ஓரத்துல, நாலே கால்லேர்ந்து வெயில் மலைக்குப் பின்னால இறங்குத வரைக்கும், மாசானத்தோட வண்டி கிழக்கே பாத்து நிக்கணும்னு ஆச்சு. எதுலயும் ஒத்துப்போகாத ஜமாத்தும் கோவில் கமிட்டியும் இதுல மட்டும் ஒண்ணா உக்காந்து பேசி, ஆளுக்கு அஞ்சு நிமிஷம், கைக்குழந்தைக்காரிக்கு முதல் இடம், இறங்கி வர்றவகிட்ட என்ன பாத்தேன்னு கேக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிச்சு. செயின் எடுத்து அனுப்புங்க, செயின் எடுத்து அனுப்புங்கன்னு ரெண்டு வருஷமா நச்சரிச்ச ஒருத்தி அஞ்சு நிமிஷம் பாத்துட்டு இறங்கிப் போனா, அதுக்கப்புறம் அவ வாயில செயினுங்கிற வார்த்தையே வரலை. போன்ல பேசுத பேச்சே மாறிப்போச்சு, "சாப்பிட்டீகளா"ன்னு கேட்டது போய் "தலைக்கு ஈரத்துணி கட்டுங்க, கையில கொப்புளம் உடைஞ்சிருச்சே, மருந்து போட்டீகளா"ன்னு ஆச்சு. அங்கே இருக்கிற பயலுக முதல்ல வெக்கப்பட்டானுக, ரெண்டு பேர் கோவிச்சுக்கிட்டானுக, அப்புறம் அவனுகளுக்கும் பழகிப்போச்சு. அவங்க நேரம் ரெண்டு மணி ஆச்சுன்னா மூஞ்சியைக் கழுவி, தலையைச் சீவி, பட்டனைப் போட்டுக்கிட்டு வெயில்ல வந்து வானத்தைப் பாத்து நிக்க ஆரம்பிச்சானுக. சிவந்திபொட்டல்காரன் எல்லாம் சூரியனைக் கும்பிடுதவன் போலிருக்குன்னு அங்கே உள்ள ஃபோர்மேன்மார் பேசிக்கிட்டாங்களாம், இதுல பாதிப் பேர் தொழுகைக்காரன்.

ஆனா அந்தப் பாழாப்போன மரியாதை மட்டும் போகலை, கூடித்தான் போச்சு. ஸ்கிரீன்ல தெரியாத ஆளு நிசமாவே நிழல்ல இருக்கான்லா. அப்படித் தெரியாதவன்ல முதல் ஆளு மூக்காண்டி. சவுதியில ஏசி விக்கிற கடைல சூப்பர்வைசர், அதைச் சொல்லித்தான் ஆவுடைத்தங்கத்தைக் கட்டினான். ஊருக்காக ஒரு நாள் தங்கமும் வந்து முன் சீட்டுல உக்காந்தா, பளபளப்பைத் தவிர ஒண்ணும் தெரியலை, சிரிச்சுக்கிட்டே இறங்கி "எங்க வீட்டு அவுக வெளியவே வரமாட்டாகண்ணே"ன்னா. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு, மறைக்க மாட்டேன். வரிசைல நின்ன அத்தனை பேருக்கும் வந்துச்சு.

ஆவணி மாசம் மூக்காண்டியோட போன் நின்னுபோச்சு. முதல் வாரம் சார்ஜ் இல்லைன்னு நினைச்சா, ரெண்டாம் வாரம் சிம் மாத்தியிருப்பாகன்னு நினைச்சா, மூணாம் வாரம் அந்தக் கடைக்கே ஆள் விட்டு விசாரிச்சதுல கடை பூட்டி ரொம்ப நாளாச்சு, அங்கே வேலை பாத்தவன் எல்லாம் எங்கே போனான்னு தெரியலைன்னு தகவல் வந்துச்சு. அன்னிலேர்ந்து தினமும் வரிசையோட வாலுல தங்கம் நின்னா. புருஷன் நிழல்ல இருக்கான்னு பெருமைப்பட்டவ, "மாரியாத்தா, ஒரே ஒரு நாள் அவுகளை வெயில்ல கொண்டாந்து நிறுத்து"ன்னு வாய்விட்டு வேண்டிக்கிட்டு ஏறுவா, வெறும் பளபளப்பைப் பாத்துட்டு இறங்குவா. யாருக்கும் பழைய வயித்தெரிச்சல் இல்ல. பாத்திமாக்கா தன்னோட அஞ்சு நிமிஷத்தை அவளுக்குக் குடுத்தாக, அதைப் பாத்து இன்னொருத்தி குடுத்தா, இன்னொருத்தி குடுத்தா, கடைசியில அரை மணி நேரம் அவளுக்குன்னே ஆச்சு. புரட்டாசி போச்சு, ஐப்பசி போச்சு. அவ கண்ணு ரெண்டும் செவந்து வீங்கினது போகலை.

கார்த்திகையில ஒரு நாள் மூக்காண்டியோட அண்ணன் சண்முகையா ஸ்டாண்டுக்கு வந்தாரு. நல்ல மனுஷன், அதையும் சொல்லணும், தம்பி பிள்ளைக்கும் சேத்து ஸ்கூல் ஃபீஸ் கட்டுத ஆளு. தங்கம் இறங்குத வரைக்கும் காத்திருந்து, குனிஞ்ச தலை நிமிராம, "தை பிறக்குறதுக்குள்ள காரியத்தை முடிச்சிருவோம்மா. அலையுத ஆத்துமாவை அலைய விடக் கூடாது"ன்னாரு.

"செத்தவகளுக்குத்தான் காரியம் அத்தான்"னா தங்கம்.

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? மூணு மாசமா நீயும் பாத்துக்கிட்டுத்தான இருக்கே. உசுரோட இருக்குதவன் ஒரு நாளாவது வெயிலுக்கு வரமாட்டானா?"

தங்கம் தாலிக்கயித்தைக் கையில பிடிச்சுக்கிட்டு வண்டிக் கதவுலயே சாஞ்சு நின்னா. எங்கிட்ட அதுக்குப் பதில் இருந்துச்சு. மூணு மாசமா இருந்துச்சு. அதை வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு வண்டியைத் துடைச்சேன், டயருக்குக் காத்தடிச்சேன், எவனையாவது வம்புக்கு இழுத்தேன். இப்போ செண்பகமும் தன் தம்பியைப் பாக்கணும்னு வரிசைல நின்னுக்கிட்டிருந்தா, அவ முன்னால சொல்லவா சொல்லாம இருக்கவான்னு துடைச்ச கண்ணாடியையே திரும்பத் துடைச்சேன்.

"வருவான்வே"ன்னேன். "சாயங்காலம் வரமாட்டான். காலைல வருவான்."

சண்முகையா திரும்பினாரு. "என்னவே சொல்லுதீரு?"

"செத்திருந்தா எப்படியாவது சாவுத் தாக்கல் வந்திருக்கும். தாக்கலும் இல்ல, ஆளும் இல்லைன்னா உள்ளே இருக்கான். ஜெயிலுக்குள்ள போட்டா காலைல எட்டரைக்குச் செவுத்துக்கு நடுவுல இருக்குத திறந்த முத்தத்துல விடுவாங்க, அரை மணி நேரம். அவ்வளவுதான் வெயில். அப்புறம் மறுநாள்தான்."

"இதெல்லாம் உமக்கு எப்படித் தெரியும்?"

"ஏழு மாசம் இருந்தேன்"னேன். "களவு பண்ணலை, குடிச்சுட்டு அடிதடிக்குப் போகலை. அங்கே தங்குததுக்கு இக்காமான்னு ஒரு அட்டை உண்டு, அது முடிஞ்சதை முதலாளி புதுப்பிக்கலை, ரோட்டுல வச்சுப் பிடிச்சுட்டாங்க. போதுமா?"

அங்கே இருந்த பதினோரு வருஷமும் நான் கம்பெனி ஸ்டோர்கீப்பர், ஏழு மாசம் மட்டும் பாலைவனத்துல சைட் வேலை, அங்கே டவர் கிடையாதுன்னு சொல்லி, எத்தனை கல்யாணத்துல முதல் பந்தியில உக்காந்திருக்கேன். செண்பகம் வரிசையை விட்டு வந்து எனக்கு நேரா நின்னா.

"டவர் இல்லாத பாலைவனம்னு சொன்னீகளே."

"செவுத்துக்கு அந்தப் பக்கம் பாலைவனம்தாட்டி."

ஏச்சுத்தான் வரப்போகுதுன்னு நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னேன். "சோறாவது போட்டாங்களா?"ன்னு கேட்டா. அழுதுட்டேன், ஆமா, ஸ்டாண்டுல வச்சு அத்தனை பேர் முன்னால.

அங்கே எட்டரைன்னா இங்கே பதினோரு மணி. பதினோரு மணிக்கு வெயில் உச்சிக்கு ஏறிக்கிட்டிருக்கும், வண்டியோட கூரை மறைச்சிரும், பின்கண்ணாடி வழியா ஸ்கிரீன் வரைக்கும் வராது. அதுக்கு என்ன பண்ணுததுன்னு ஆளாளுக்குப் பேசிக்கிட்டிருக்கையில, அதுவரைக்கும் வாயே திறக்காத மாசானம் "வண்டியோட பின்பக்கத்தைத் தூக்கணும்"னான். குளத்துக்கரைச் சரிவுல மூக்கு கீழேயும் பின்பக்கம் மேலேயுமா வண்டியை நிறுத்தி, முன் சக்கரத்துக்குக் கல்லைக் குடுத்து, பின்னால ஆளுக இடுப்பு உசரத்துக்குத் தூக்கிப் பிடிச்சா வெயில் உள்ள வரும்னான். ஜாக்கி சரிவுல நிக்காது, வழுக்கிரும். கைதான். எங்கம்மோ, மாசானம் ஒரே மூச்சுல அவ்வளவு பேசி நான் பாத்ததே இல்ல.

முதல் நாள் மேகம். தூக்கிட்டு நின்னோம், இறக்கினோம், வீட்டுக்குப் போனோம். ரெண்டாம் நாள் நல்ல வெயில், அரை மணி நேரம் விட்டு விட்டுத் தூக்கினோம், தங்கம் கண்ணைக் கொட்டாம பாத்தா, ஒண்ணும் தெரியலை. சண்முகையா கரைமேல கையைக் கட்டிக்கிட்டு நின்னு என்னையே பாத்தாரு. ஒரு பொம்பளைப் பிள்ளைக்கு இல்லாத ஆசையைக் காட்டிட்டோமேன்னு அவரு மூஞ்சியைப் பாக்காம திரும்பிக்கிட்டேன். அப்போ பாத்திமாக்கா கையில ஒட்டின மண்ணைத் தட்டிக்கிட்டே, "ஏம்ப்பா, இன்னிக்கு வெள்ளிக்கிழமையில்லா?"ன்னாக. நான் தலையிலேயே ஓங்கி அடிச்சுக்கிட்டேன். வெள்ளிக்கிழமை அங்கே லீவு, காவலுக்கு ஆள் கம்மி, முத்தத்துல விடவே மாட்டாங்க. ஏழு மாசமும் வெள்ளிக்கிழமையை எண்ணிக்கிட்டுக் கிடந்தவன் நான், எனக்கே மறந்துபோச்சு பாருங்க.

சனிக்கிழமை ஊர்ல பாதி கரைமேல நின்னுச்சு. பத்தே முக்காலுக்கு மாசானம் டிரைவர் சீட்டுல உக்காந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டான், தங்கம் முன் சீட்டுல உக்காந்து ரெண்டு காலையும் முன்னால ஊண்டிக்கிட்டா. பின்னால பதினாலு பேர், ஸ்டாண்டு டிரைவர்மாரு, பாத்திமாக்கா, சேலையை வரிஞ்சு கட்டிக்கிட்டு செண்பகம். நான் வலது ஓரத்துல தோளைக் குடுத்திருந்தேன். "தூக்கு"ன்னதும் தூக்கினோம். "இன்னும் ஒரு சாண்"னான் மாசானம், ஒரு சாண் தூக்கினோம். "இடதுல கொஞ்சம்"னான். அப்போ என் பக்கத்துல இன்னொரு தோள் வந்து முட்டுச்சு, திரும்பிப் பாத்தா சண்முகையா.

வெயில் உள்ள போயிருச்சு. பின்னால நின்ன எங்களுக்குத் தங்கத்தோட கொண்டையும், அதுக்கு அப்பால வெள்ளையா ஒரு கூச்சமும்தான் தெரிஞ்சுது. ஒரு நிமிஷம் போச்சு, ரெண்டு நிமிஷம் போச்சு, என் முதுகுல வேர்வை ஓடுச்சு.

"முத்தம்"னா தங்கம். "அண்ணே, முத்தம் தெரியுது. சிமெண்டுத் தரை. செவுரு." அப்புறம் அவ போட்ட சத்தம் குளத்துக்கு அந்தக் கரை வரைக்கும் கேட்டுது. "வெயில்ல நிக்காக! அத்தான், வெயில்ல நிக்காக!"

சண்முகையா "யய்யா, மூக்கா"ன்னு கதறிட்டாரு, ஆனா தோளை எடுக்கலை. கரைமேல நின்ன சனம் குலவை போட்டுது. உள்ளேர்ந்து தங்கம் அழுகையும் சிரிப்புமா சொல்லச் சொல்ல நாங்க கேட்டுக்கிட்டு நின்னோம். தாடி வச்சிருக்காக, மொட்டை போட்டுவிட்டிருக்காங்க, சட்டை அவுகளுது இல்ல, தொளதொளன்னு கிடக்கு, இடது காலை லேசா இழுத்து நடக்காக, செவுத்தோரமா வந்துட்டாக, நின்னுட்டாக, அண்ணாந்து பாக்காக, என்னையப் பாக்குத மாதிரியே பாக்காக. அப்படிச் சொல்லிக்கிட்டு வந்தவ சட்டுனு நிறுத்தினா.

"என்னாச்சும்மா?"ன்னு சண்முகையா கேட்டாரு.

"கண்ணு கூசுது அவுகளுக்கு. நெத்திக்கு மேல கையை வச்சுட்டாக. கை நிழல் விழுந்து மூஞ்சி போயிருச்சு அத்தான்."

எங்களுக்குத் தோள் மரத்துப்போச்சு. "இறக்கிருவமா தாயி? ஆளு இருக்கான்னு தெரிஞ்சுபோச்சில்லா, இனிமே எம்பசிக்கு எழுதிப் போட்டு வெளியே கொண்டாந்திரலாம்லா"ன்னு நான்தான் மூச்சு வாங்கிக்கிட்டே கேட்டேன்.

"கொஞ்சம் பொறுங்கண்ணே. கை வலிச்சா எடுத்துருவாக."

அவ கண்ணுலயும் அதே வெயில்தான் அடிச்சுக்கிட்டிருந்துச்சு, தாரை தாரையா வடிஞ்சுது, அவ இமைக்கலை. சண்முகையா என் காதோரத்துல "ஏல மூக்கா, கையை எடுல, பிள்ளை பாத்துக்கிட்டிருக்குல்லா, கையை எடுல"ன்னு கெஞ்சினாரு. யாரும் வண்டியை இறக்கலை. பதினஞ்சு பேரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு, அங்கே அவனுக்குச் சீக்கிரம் கை வலிக்கணும்னு அவங்கவங்க சாமியை வேண்டிக்கிட்டு நின்னோம்.